திண்டுக்கல் டூ காசி... காரிலேயே போகலாம், ராத்திரி எங்கே படுப்பது?

தை மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் - பழநி சாலைக்குத் தூக்கம் கிடையாது. பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக, தோளில் ஒரு பையோடு பாதயாத்திரை பக்தர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். கால் ஓய்ந்தால் கிடைத்த இடமே படுக்கை. மண்டபத் திண்ணை, பள்ளிக்கூட வராண்டா, பந்தல், பூட்டிய கடை வாசல். துண்டை விரித்துப் படுத்தவரை யாரும் எழுப்பி வாடகை கேட்பதில்லை. விடிந்ததும் யாரோ ஒருவர் சுக்குக்காபி டம்ளரை நீட்டுவார்.

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. அந்தச் சாலையில் இருக்கும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம். அதைத் தாண்டினால் சத்திரப்பட்டி. வழிப்போக்கர் தங்கிய சத்திரம் ஊர்ப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, 60 கிலோமீட்டர் தூரத்துப் பழநிக்கு இப்படிப் போய்விடலாம். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காசிக்கு? அதுவும் சொந்தக் காரில், குடும்பத்தோடு, முடிந்தவரை லாட்ஜ் வாடகை இல்லாமல்?

முடியும். ஆனால், 'எல்லா ராத்திரியும் இலவசம்' என்று நினைத்துக் கிளம்பினால் மூன்றாம் நாள் ராத்திரி எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். எந்த ராத்திரி இலவசம், எந்த ராத்திரி காசு என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுக் கிளம்பினால் பயணம் இனிக்கும்.

நம்ம ஊர் ரோடு, காசி ரோடு

திண்டுக்கல் பைபாஸில் லாரிகள் பறக்கும் நான்கு வழிச்சாலைக்கு இப்போது பெயர் தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிறது. 2010-ல் நெடுஞ்சாலை எண்களை மாற்றுவதற்கு முன்பு இதே சாலைக்கு எண் 7. பழைய என்.எச். 7-ன் ஒரு முனை கன்னியாகுமரி, இன்னொரு முனை எது தெரியுமா? வாரணாசி. அதாவது காசி. 2,369 கிலோமீட்டர் நீளம். அன்றைக்கு நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான்.

ஆக, திண்டுக்கல்காரர்கள் பல வருடமாகக் காசி ரோட்டின் மேல்தான் குடியிருந்திருக்கிறார்கள்! கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், நாக்பூர் வரை 44-லேயே போகலாம். நாக்பூர் தாண்டி லக்னாதோன் என்ற ஊரில் 44-ஐ விட்டுவிட்டு ஜபல்பூர் பக்கம் திரும்பினால் மைஹர், ரீவா, பிரயாக்ராஜ், காசி. நேராகப் போனால் திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர்.

ஒரு குடும்பம், ஒரு கார், ஒரு அப்பத்தா

நாகல் நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, கல்லூரி முடித்த மகன், 72 வயது அப்பத்தா. அப்பத்தாவுக்குச் சாவதற்குள் ஒருமுறை காசியைப் பார்த்துவிட வேண்டும். மகனுக்கு ரோடு ட்ரிப் போக வேண்டும். அப்பாவுக்குச் செலவு குறைய வேண்டும். அம்மாவுக்கு, போகிற இடத்தில் எல்லாம் நல்ல பாத்ரூம் இருக்க வேண்டும். நான்கும் நியாயமான ஆசைதான்.

''மடம், சத்திரம், குருத்வாரான்னு தங்கிட்டே போயிரலாம்ப்பா. ரூம் செலவே கிடையாது'' என்கிறான் மகன்.

''தரையில நான் படுத்துருவேன்டா தம்பி. எந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்'' என்கிறார் அப்பத்தா.

சிரிப்பு வந்தாலும் இந்தப் பயணத்தின் முக்கியமான வாக்கியம் இதுதான். இலவசத் தங்குமிடம் பெரும்பாலும் பொது ஹால், தரைப் பாய், பொதுக் கழிப்பறை. 22 வயதுக்கு அது அனுபவம். 72 வயது முழங்காலுக்கு அது சோதனை. அதனால், வண்டியில் இருப்பவர்களில் யாருக்கு முடியாதோ, அவரை வைத்துத்தான் ஒவ்வொரு ராத்திரியையும் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் ராத்திரி, அப்புறம்தான் ரூட்

பொதுவாக மேப்பில் ரூட் போட்டுவிட்டு, 'எங்கே இருட்டுகிறதோ அங்கே தங்கிக்கலாம்' என்று கிளம்புவார்கள். இலவசமாகத் தங்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. மடமோ குருத்வாராவோ நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. இருக்கும் இடத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும். அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். ராத்திரி 11 மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால், இடம் இருந்தாலும் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்? 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழில்முறை ஓட்டுநருக்கே ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றுதான் பொதுவாக வரையறுத்திருந்தது. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. தினமும் ஸ்டியரிங் பிடிப்பவருக்கே இந்தக் கணக்கு என்றால், வருஷத்துக்கு ஒருமுறை லாங் டிரைவ் போகும் அப்பாவும் மகனும் 14 மணி நேரம் ஓட்டுவது சாதனையல்ல, ஆபத்து. மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஒரு நாளைக்கு 400 முதல் 500 கிலோமீட்டர் போதும்.

அந்தக் கணக்கில் காசிக்கு ஆறு பகல், நடுவில் ஐந்து ராத்திரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ராத்திரி: ஓசூர்

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். ஓசூரிலோ பெங்களூரிலோ சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாராவது இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. உலகின் பழைமையான இலவசத் தங்குமிடம் சொந்தக்காரர் வீடுதான்.

ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். 'வழியில வந்துட்டோம்' என்று வாசலில் நிற்பது, வாடகை வீட்டில் இரண்டு ரூமில் இருப்பவர்களுக்குச் சங்கடம். நான்கு பேருக்குப் படுக்க இடம் இருக்குமா என்று அம்மா போனில் நாசூக்காகக் கேட்டுவிடலாம். சிறுமலைப் பழம் ஒரு சீப்பு, பழநி பஞ்சாமிர்தம் ஒரு டப்பா எடுத்துப் போனால் வீடே மணக்கும். இரண்டுமே புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு.

இரண்டாம் ராத்திரி: மந்த்ராலயம்

ஓசூரிலிருந்து பெங்களூரு, அனந்தபூர் வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர். துங்கபத்திரைக் கரையில் ராகவேந்திரர் பிருந்தாவனம். 1671-ல் அவர் ஜீவசமாதி அடைந்த இடம். இங்கே அன்னதானம் இலவசம். மடத்தின் விடுதி அறைகளுக்கு வாடகை உண்டு. ஆனால் தனியார் லாட்ஜைவிடக் குறைவு.

வியாழக்கிழமை கூட்டம் அலைமோதும். ஆவணி மாத ஆராதனை நாள்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நாள்களைத் தவிர்த்து, முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. அப்பத்தாவுக்குக் கட்டில் உள்ள அறைதான் வேண்டும் என்று பதிவுசெய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ராத்திரி: நாந்தேடு

இந்தப் பயணத்தில் நீளமான பகல் இதுதான். ரெய்ச்சூர், ஹைதராபாத் வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். அதிகாலை 5 மணிக்கே கிளம்பி, ஹைதராபாத் நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிப் போய்விட்டால் இருட்டுவதற்குள் சேரலாம்.

மகாராஷ்டிராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் நாந்தேடு, சீக்கியர்களின் ஐந்து தக்துகளில் ஒன்று. பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 1708-ல் மறைந்தது இங்கேதான். மகாராஜா ரஞ்சித் சிங் 1830-களில் கட்டிய ஹசூர் சாகிப் குருத்வாரா நடுவில் நிற்க, சுற்றிலும் யாத்ரீகர் விடுதிகள். சிலவற்றில் இலவசம், சிலவற்றில் சின்னத் தொகை. இடம் இருப்பதைப் பொறுத்துக் கொடுப்பார்கள். லங்கரில் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். என்ன மதம், என்ன சாதி என்று கேட்பதில்லை. ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில. தலையை மூட வேண்டும், ஒரு பெரிய கைக்குட்டை போதும். செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். தட்டில் மீதி வைக்கக் கூடாது. முக்கியமாக, புகையிலை கூடவே கூடாது. சுருட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். அப்பாவின் சட்டைப் பையில் பீடி, சிகரெட் இருந்தாலோ, அப்பத்தாவின் சுருக்குப் பையில் புகையிலைத் துண்டு இருந்தாலோ முன்பே அப்புறப்படுத்திவிடுங்கள். பிரியாணி, மது பற்றியெல்லாம் சொல்லவே வேண்டாம். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கே தங்குகிறவர்கள் மறுநாள் காலை லங்கரில் பாத்திரம் கழுவவோ, ரொட்டி தேய்க்கவோ ஒரு மணி நேரம் உட்காரலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் நீங்கள் கட்டும் வாடகை.

நான்காம் ராத்திரி: நாக்பூர்

சுமார் 340 கிலோமீட்டர். மதியம் தாண்டியதும் போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே காசு கொடுத்து ஒரு நல்ல லாட்ஜில் அறை எடுங்கள். வெந்நீர் வரட்டும். துணி துவைத்துக் காயட்டும். அப்பத்தா மெத்தையில் காலை நீட்டட்டும். ஓட்டுகிறவர் பத்து மணி நேரம் தூங்கட்டும்.

மூன்று ராத்திரி வேற்றிடத்தில் அரைத் தூக்கம் தூங்கியவருக்கு நான்காம் நாள் கண் அசருவது இயல்பு. அந்தக் களைப்போடு அடுத்த நாள் போவது எந்தச் சாலையில் தெரியுமா? பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் நடுவே. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையில் விலங்குகள் கடப்பதற்காகவே நெடுஞ்சாலையைத் தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே புலி நடந்து போவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. அங்கே 'சும்மா ஓரமா நிறுத்திக் கொஞ்ச நேரம் படுப்போம்' என்ற பேச்சே கூடாது.

ஐந்தாம் ராத்திரி: மைஹர்

ஜபல்பூர், கட்னி வழியாகச் சுமார் 430 கிலோமீட்டர். மலை மேல் சாரதா தேவி கோயில். ஆயிரத்துக்கும் மேல் படிகள். ரோப் கார் இருப்பதால் அப்பத்தாவும் பார்க்கலாம். சிதார் மேதை ரவிசங்கரின் குருவான அலாவுதீன் கான் வாழ்ந்த ஊரும் இதுதான். யாத்திரைத் தலம் என்பதால் தர்மசாலைகள் உண்டு. பெரும்பாலும் குறைந்த வாடகை. நவராத்திரி நாள்களில் மட்டும் இந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

வழியில் ஜபல்பூரில் நர்மதையைப் பார்ப்பீர்கள். நர்மதையை முழுதாக வலம்வரும் பரிக்கிரமா யாத்ரீகர்களுக்குக் கரை நெடுக ஆசிரமங்களிலும் கிராமத்து வீடுகளிலும் சோறும் படுக்க இடமும் கொடுக்கிறார்கள். நம் பழநி பாதயாத்திரை போலவே. ஆனால் அது மாதக்கணக்கில் நடந்து வருகிறவர்களுக்கு வைத்திருப்பது. ஏ.சி. காரில் வந்து இறங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது அழகில்லை.

ஆறாம் நாள்: காசி

மைஹரிலிருந்து ரீவா, பிரயாக்ராஜ் வழியாகச் சுமார் 325 கிலோமீட்டர். காசியில் தமிழர்களுக்கென்று சத்திரமும் மடமும் இருக்கின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19-ம் நூற்றாண்டிலிருந்து கோதௌலியா அருகே இயங்குகிறது. இதே நகரத்தார்தான் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாக நம் மாவட்டத்துக்குள் காவடியோடு நடந்து பழநிக்குப் போகிறவர்கள். போகிற இடத்தில் எல்லாம் தங்குவதற்கு ஓர் இடம் கட்டிவைப்பது அவர்கள் வழக்கம். பிரயாகை, கயா, அயோத்தியிலும் நகரத்தார் சத்திரங்கள் உண்டு. கேதார் கட்டில் குமாரசாமி மடம், 17-ம் நூற்றாண்டில் நம் குமரகுருபரர் நிறுவியது.

இங்கெல்லாம் போய் நின்றாலே இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். யார் தங்கலாம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதற்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனி விதி. தனியாக வருகிறவர்களுக்கு அறை தராத தர்மசாலைகள் வடக்கே உண்டு. திண்டுக்கல்லில் இருக்கும்போதே போன்செய்து கேட்டுவிடுங்கள். கோதௌலியா சந்துகளுக்குள் காரை விடுவதும் நடக்காத காரியம். வெளியே கட்டண பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, அப்பத்தாவை ரிக்‌ஷாவில் கூட்டிப் போங்கள்.

இலவசத்துக்கு ஒரு கணக்கு

இப்போது அப்பா பேனாவை எடுக்கிறார். மந்த்ராலயம், நாந்தேடு, பிரயாகை என்று சுற்றிப் போனதில் தூரம் சுமார் 2,350 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும், பெட்ரோல் சராசரி 105 ரூபாய் என்று வைத்தால், ஒரு பக்கத்துக்கு சுமார் 16,450 ரூபாய்.

ஐந்து ராத்திரியும் 1,500 ரூபாய் அறை எடுத்தால் 7,500 ரூபாய். நம் திட்டத்தில் ஓசூரும் நாந்தேடும் இலவசம். மந்த்ராலயத்துக்கும் மைஹருக்கும் 500 ரூபாய் வீதம் வைத்துக்கொள்வோம். நாக்பூருக்கு 1,500. மொத்தம் 2,500. ஆக மிச்சம் 5,000 ரூபாய்.

இருங்கள், முடியவில்லை. நேர் வழியைவிட 250 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறோம். அதற்கு பெட்ரோல் 1,750 ரூபாய். உண்மையான மிச்சம் 3,250 ரூபாய். அதிலும் உண்டியலில் போட்டது, சித்தப்பா வீட்டுக்கு வாங்கியது எல்லாம் கழித்தால் இன்னும் குறையும்.

ஆகவே, காசை மிச்சம் பிடிக்க மட்டும் நாந்தேடு போகாதீர்கள். நாந்தேட்டைப் பார்க்க ஆசை இருந்தால் போங்கள், தங்க இடமும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சுற்றுக்கு அர்த்தம்.

சுங்கச்சாவடிக்கு ஒரு வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸ் கொடுக்கிறார்கள். அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான். மாநிலச் சாலைகளில் தனியாகக் கட்ட வேண்டும். போகவர 4,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ரூம் வாடகையைவிட இதில் அதிகம் மிச்சமாகலாம்.

காருக்குள் தூங்கலாமா?

அவசரத்துக்குத் தூங்கலாம். தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதைவிட நிறுத்தித் தூங்குவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால்,

* சாலை ஓரத்தில் நிறுத்தவே கூடாது. இருட்டில் நிற்கும் காரில் பின்னால் வரும் லாரி மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி அருகே இருக்கும் பார்க்கிங், லாரிகள் நிற்கும் ஓய்விடம் ஆகியவைதான் இடம். பங்க்கில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

* இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி-யில் தூங்கக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.

* பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

* தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. மற்ற எந்த ஆபத்துக்கும் 112. இரண்டையும் எல்லார் போனிலும் பதிந்துவையுங்கள். அப்பத்தாவின் பட்டன் போனிலும்தான்.

இது ஒன்றிரண்டு மணி நேரக் கண்ணயர்வுக்கு. குடும்பத்தோடு முழு ராத்திரியைக் காரில் கழிப்பதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பூட்டும் பாயும்

பொது ஹாலில் தங்கும்போது பையைப் பற்றிய கவலைதான் தூக்கத்தைக் கெடுக்கும். திண்டுக்கல்காரர்களுக்கு இதற்கு வழி சொல்ல வேண்டுமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பூட்டு ஒன்று, கூடவே ஒரு சின்னச் சங்கிலி. சில விடுதிகளில் லாக்கர் இருக்கும், பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மடக்கும் பாய், ஆளுக்கொரு போர்வை, கொசுவர்த்தி, டார்ச், சோப்பு, பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு செம்பு. மாத்திரைகளை அப்பத்தாவின் கைப்பையிலேயே வையுங்கள், டிக்கியில் வேண்டாம். ஆதார் அட்டை அசல் இல்லாமல் பல இடங்களில் படுக்க விடமாட்டார்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தி தெரியாதே என்று பயம் வேண்டாம். 'ஏக் ராத் ருக்னா ஹை, ஜகா மிலேகி?' (ஒரு ராத்திரி தங்கணும், இடம் கிடைக்குமா?) என்று கைகூப்பிக் கேட்டால் போதும். மீதியைப் பதில் சொல்பவரின் முகமே சொல்லிவிடும்.

மாதமும் முக்கியம். ஏப்ரல், மே நாக்பூர் வெயிலில் இலவச ஹாலில் படுப்பது சாத்தியமே இல்லை. டிசம்பர், ஜனவரியில் பிரயாக்ராஜ் பக்கம் மூடுபனியில் முன்னால் போகும் வண்டியே தெரியாது. தை அமாவாசையை ஒட்டி அங்கே மாக மேளா கூட்டமும் சேரும். அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, இல்லையென்றால் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை. இதுதான் சரியான நேரம்.

யாருக்காகக் கட்டிய சத்திரம்?

1689 முதல் 1706 வரை மதுரைச் சீமையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியதற்காக இன்றும் பேசப்படுகிறார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சத்திரம் என்பது காசை மிச்சம் பிடிக்கும் யோசனையல்ல. நடந்துவருகிறவனுக்கு அது இல்லையென்றால் ராத்திரிக்குக் கூரையே இல்லை. அவனுக்காகக் கட்டினார்கள்.

இன்றும் அந்த ஹாலில் உங்களுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறவர், வேறு எங்கும் போக வசதி இல்லாதவராக இருக்கலாம். கூட்டம் நெரிகிற நாளில், கையில் காசு இருக்கிற நீங்கள் லாட்ஜுக்குப் போய்விட்டால் அந்த இடம் அவருக்குக் கிடைக்கும். இடம் தாராளமாக இருக்கிற நாளில் தங்கலாம். ஒரு ராத்திரிக்கு மேல் நீட்ட வேண்டாம். கிளம்பும்போது படுத்த இடத்தைக் கூட்டிவிட்டு, லாட்ஜுக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையில் பாதியையாவது உண்டியலில் போடுங்கள். அடுத்து வருகிறவரின் சோறு அதில்தான் வேகும்.

நாகல் நகர் வீட்டுக்குத் திரும்புவோம். ஐந்து ராத்திரியும் தாளில் எழுதி, எதிரே எதிரே இலவசம், குறைந்த வாடகை, முழு வாடகை என்று குறித்தாகிவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் நேரே, 'இடம் கிடைக்கலைன்னா' என்று ஒரு லாட்ஜின் பெயரும் எண்ணும். அதற்கென்று 5,000 ரூபாய் தனியாக ஒரு கவரில். அந்தக் கவர்தான் இந்தத் திட்டத்தின் உயிர். அது இருந்தால், இடம் இல்லை என்று ஒரு மடத்தில் சொன்னாலும் யாருக்கும் கோபம் வராது, ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்கு ஓட்டவும் தோன்றாது.

''கவர் யாருகிட்ட இருக்கணும்?'' என்று அம்மா கேட்கிறார்.

''எங்கிட்ட குடுங்க'' என்கிறார் அப்பத்தா. ''எனக்கு எப்ப முடியலையோ அப்ப எடுத்துத் தர்றேன்.''